இரண்டு பென் டிரைவ்கள் எப்படிச் செத்தன: ஒரு நிகழ்வு ஆய்வு

"செருகினா ஃபார்மேட் பண்ணச் சொல்லுது. ஓகே குடுக்கட்டுமா?"

இரவு பதினோரு மணிக்கு வந்த ஃபோன். பேசியவள் என் தோழி. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவளுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது. "கையை எடு. எதையும் அழுத்தாதே. அப்படியே கழற்றி வை" என்றேன். ஆய்வேட்டின் ஆறு இயல்களும் அந்த 16 ஜிபி பென் டிரைவில் இருந்தன. "வேற எங்கேயாவது காப்பி இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இதுதான் காப்பின்னு நினைச்சேன்" என்றாள்.

முதலில் அது காப்பியாகத்தான் இருந்திருக்கிறது. லேப்டாப்பில் எழுதி, வாரம் ஒருமுறை இதில் நகல் எடுத்து வைத்திருக்கிறாள். துறையில் ஒரு கணினி, நூலகத்தில் ஒரு கணினி, வீட்டில் லேப்டாப் என்று மூன்று இடத்தில் வேலை செய்ய வேண்டி வந்தபோது, எது கடைசிப் பிரதி என்ற குழப்பம் வந்தது. குழப்பத்தைத் தீர்க்க, பென் டிரைவில் இருப்பதையே நேராகத் திறந்து எழுத ஆரம்பித்தாள். நகல் மூலமாகிவிட்டது. மூலத்துக்கு நகல் இல்லாமல் போனது. இப்படி இரண்டு ஆண்டு ஓடியிருக்கிறது.

மறுநாள் காலை அவள் வந்தபோது கையில் இரண்டு பென் டிரைவ்கள் இருந்தன. இரண்டாவது ஒரு பழைய 8 ஜிபி. முந்தைய பட்டப் படிப்புக்காக ஆறு ஆண்டுக்கு முன் முதியவர்களிடம் எடுத்த 23 ஒலிப்பதிவுப் பேட்டிகள் அதில் இருந்தன. பின்னிணைப்புக்காக அவற்றை எடுக்கப் போனபோது அதுவும் பாதியில் திணறியிருக்கிறது. ஒன்று தினமும் ஓடிய டிரைவ். இன்னொன்று தொடாமலே இழுப்பறையில் கிடந்த டிரைவ். ஒரே வாரத்தில் இரண்டும் கைவிட்டன. அவளைச் சுற்றியிருந்த எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: "எஜெக்ட் பண்ணாம புடுங்கியிருப்பே." இரண்டு ஆண்டாக ஒழுங்காக எஜெக்ட் செய்து வந்தவளுக்கு, டிரைவ் போனதைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது. உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

முன்பே தெரிந்த அறிகுறிகள்

அவளை உட்கார வைத்து, கடைசி ஒரு மாதத்தில் என்னென்ன கவனித்தாள் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னபோது அவளுக்கே ஆச்சரியம். சேமிக்க நேரம் பிடித்தது. 38 எம்பி கோப்பு ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். தொட்டால் சுடும் அளவுக்கு டிரைவ் சூடானது. ஒருநாள், டிரைவில் சிக்கல் இருக்கிறது, சரிபார்க்கவா என்று விண்டோஸ் கேட்டது. சரி என்றதும் எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொன்னது. ஆனால் அதன் பிறகு டிரைவில் ஃபவுண்ட்.000 என்ற புதிய கோப்புறை முளைத்திருந்தது. உள்ளே சிஹெச்கே என்று முடியும் கோப்புகள். அட்டவணையில் யாருக்குச் சொந்தம் என்று தெரியாத துண்டுகளைச் சரிபார்ப்பு நிரல் பொறுக்கிப் போடும் இடம் அது. அவள் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, டிரைவ் எழுதுவதற்குப் பூட்டப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. அதில் பூட்டும் விசை எதுவும் கிடையாது. கழற்றிச் செருகியதும் மறுபடி வேலை செய்தது. "சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன்" என்றாள். அடுத்த நாள் இரவுதான் அந்த ஃபார்மேட் கேள்வி.

இந்த வரிசையை அப்படியே பதிவு செய்கிறேன், ஏனென்றால் பல டிரைவ்கள் போகும் வழி இதுதான்: மெதுவாகும், தடுமாறும், எழுத மறுக்கும், அப்புறம் தன்னையே அடையாளம் காட்டாது. எழுத மறுப்பது ஒருவகையில் கன்ட்ரோலர், அதாவது டிரைவுக்குள் இருந்து நினைவகச் சிப்பை நிர்வகிக்கும் சிப், காட்டும் கடைசிக் கருணை. பழுதான இடங்களுக்குப் பதிலாகப் பயன்படுத்த அது தனியாக வைத்திருக்கும் உபரி இடம் தீர்ந்துபோனால், சில கன்ட்ரோலர்கள் டிரைவைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிடும். அந்தச் செய்தி வந்த நிமிடமே எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகலெடுத்திருந்தால், இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

மீட்பு: மூன்று இரவுகள்

பழுதான டிரைவில் நேராக எந்த மீட்பு மென்பொருளையும் ஓட்டக் கூடாது. சாகக் கிடக்கும் சிப்புக்கு ஒவ்வொரு தேடலும் ஒரு சுமை. முதலில் டிரைவ் முழுவதையும் பைட் பைட்டாக வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரே பெரிய கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு வேலையெல்லாம் அந்த நகலில்தான்.

லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில், செருகியதும் டிரைவ் தானாக ஏற்றப்படும் வசதியை நிறுத்திவிட்டு, குனு டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். இந்தக் கருவியின் சாமர்த்தியம், முதலில் சிக்கல் இல்லாத பகுதிகளை வேகமாக அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். எங்கே விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். டிரைவ் இடையில் காணாமல் போனாலும், மறுபடி செருகி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

காணாமல்தான் போனது, பலமுறை. இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடியதும் சூடேறி, கணினியின் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். கழற்றி, மேசை மின்விசிறி முன் வைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் மறுபடி. முதல் இரவில் ஏறக்குறைய 700 எம்பி தவிர மீதி எல்லாம் வந்துவிட்டது. அந்த 700-ஐ 58 எம்பியாகக் குறைக்க இன்னும் இரண்டு இரவு ஆனது. அதற்கு மேல் ஒரு பைட்டும் நகரவில்லை. நிறுத்திவிட்டேன். இறக்கிய கோப்பை இன்னொரு டிஸ்க்கிலும் நகலெடுத்து, இரண்டாவது நகலில் கை வைத்தேன்.

டிரைவ் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தது. எந்தக் கோப்பு எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை இந்த முறை இரண்டு பிரதிகளாக வைத்திருக்கும். முதல் பிரதியில் ஆரம்பத்திலேயே ஓட்டைகள். அதே இடங்கள் இரண்டாம் பிரதியில் முழுசாக இருந்தன! அவற்றை எடுத்து முதல் பிரதியின் ஓட்டைகளில் ஒட்டியதும் கோப்புப் பட்டியல் திறந்தது. 'இயல்4_இறுதி', 'இயல்4_இறுதி_புதியது', 'இயல்4_இறுதி_புதியது2' என்று வரிசையாகப் பெயர்கள் வந்தபோது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இதே டிரைவ் எக்ஸ்ஃபேட் முறையில் இருந்திருந்தால், அதில் வழக்கமாக ஒரே ஒரு அட்டவணைதான். கோப்புகளின் தலைப்பு அடையாளத்தைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் போன்ற கருவியைத்தான் நாட வேண்டியிருந்திருக்கும். அதில் பெயரும் வராது, கோப்புறை அமைப்பும் வராது.

ஐந்து இயல்கள் சேதமில்லாமல் திறந்தன. நான்காவது, அதாவது கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது, படிக்க முடியாத உள்ளடக்கம் என்று சொல்லி நின்றது. வேர்டு கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பெட்டி. எழுத்தெல்லாம் உள்ளே ஒரு தனிக் கோப்பாகவும், படங்கள் தனித்தனியாகவும் இருக்கும். ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றி, 7-ஜிப்பால் பிரித்தேன். எழுத்து இருந்த கோப்பு அடிபடவில்லை. மூன்று படங்கள்தான் போயிருந்தன. அவை அவள் வழிகாட்டிக்கு அனுப்பிய பழைய மின்னஞ்சலில் கிடைத்தன.

மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளையும் அவள் பென் டிரைவிலிருந்தே ஓட்டியிருந்தாள். அதன் தரவுத்தளம் நன்றாக அடிபட்டிருந்தது. 340 பதிவுகளில் 290 சொச்சம் மீண்டன. மீதியை இரண்டு நாள் உட்கார்ந்து கையால் போட்டாள்.

தினமும் ஓடிய டிரைவ் ஏன் போனது

இங்கே கொஞ்சம் சிப்புக்குள் போக வேண்டும்.

ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. 1984-ல் முதல் வகையையும், 1987-ல் இன்று பென் டிரைவ்களில் இருக்கும் நாண்ட் வகையையும் அவர் குழு அறிவித்தது. ஒரு தொகுதியை மொத்தமாக நொடியில் அழிப்பது கேமரா ஃபிளாஷ் மின்னுவதுபோல் இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னதால் இந்தப் பெயர். அந்த 'மொத்தமாக அழிப்பது'தான் இன்றைக்கும் இதன் பலமும் பலவீனமும்.

ஒவ்வொரு நினைவறையிலும் நாலாபுறமும் காப்பிடப்பட்ட ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதில் எலக்ட்ரான்களைச் சிறைவைப்பதும் விடுவிப்பதும்தான் எழுதுவதும் அழிப்பதும். காப்புச் சுவர் மிக மெல்லிய ஆக்சைடு படலம். அதன் வழியே எலக்ட்ரான்களைத் தள்ள 20 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தேவை. யூஎஸ்பி தருவதோ 5 வோல்ட். மீதியைச் சிப்பே உள்ளுக்குள் பெருக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு தள்ளலிலும் சுவர் கொஞ்சம் சேதமாகிறது. படிப்பதால் இந்தத் தேய்மானம் ஏறக்குறைய இல்லை. அழித்து எழுதும்போதுதான் ஆயுள் கரைகிறது.

ஒரு அறையில் ஒரே ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி வகை, சுமார் 1,00,000 முறை அழித்து எழுதுவதைத் தாங்கும். இரண்டு பிட் வைக்கும் எம்எல்சி 3,000 முதல் 10,000 வரை. மூன்று பிட் வைக்கும் டிஎல்சி சில நூறிலிருந்து 3,000 வரை. நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி சில நூறு முதல் ஏறக்குறைய 1,000. பிட் கூடக் கூட, ஒரே அறையில் பிரித்தறிய வேண்டிய மின்னூட்ட அளவுகள் 2, 4, 8, 16 என்று பெருகுகின்றன. அதனால் ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிப்போகிறது. பென் டிரைவ் உறையில் இதில் எது உள்ளே இருக்கிறது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. கணினிகளில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வைக்கும் ஃபிளாஷ் சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குத் தேறாத இரண்டாம் தரச் சிப்புகளும் பென் டிரைவ்களுக்குப் போவதுண்டு.

சரி, 1,000 முறை என்றே வைத்துக்கொள்வோம். 16 ஜிபி டிரைவில் 16 டிபி எழுதலாம். தோழி 38 எம்பி கோப்பை நாளுக்கு 30 முறை சேமித்தாலும் 1.2 ஜிபிக்குக் குறைவு. 500 வேலை நாளில் 600 ஜிபிகூட வராது. பதினாறு டிபிக்கு இது எந்த மூலை? காகிதக் கணக்குப்படி அவள் டிரைவ் இன்னும் பல ஆண்டு ஓடியிருக்க வேண்டும்.

கணக்கு பொய்க்கும் இடம் வேறு. நாண்ட் சிப்பில் எழுதுவது சில கேபி அளவுள்ள 'பக்கம்' வாரியாக. அழிப்பதோ பல நூறு பக்கங்கள் சேர்ந்த 'பிளாக்' வாரியாக. ஒரு பிளாக் சில எம்பி வரை போகும். எழுதிய பக்கத்தின் மேல் நேராகத் திருத்த முடியாது. நல்ல எஸ்எஸ்டியில் உள்ள கன்ட்ரோலர் இதைச் சமாளிக்க, சிறு சிறு மாற்றங்களைச் சேர்த்து வைத்து ஒரே இடத்தில் போடும். தேய்மானத்தைச் சிப் முழுக்கப் பரப்பும். சாதாரணப் பென் டிரைவ் கன்ட்ரோலருக்கு அந்த அளவுக்கு நினைவகமும் இல்லை, அறிவும் இல்லை. 4 கேபி மாற்றத்துக்காக, மோசமான சமயத்தில், 4 எம்பி பிளாக் முழுவதையும் இன்னொரு இடத்துக்கு இடம்பெயர்த்து எழுதிவிட்டுப் பழையதை அழிக்கும். ஆயிரம் மடங்கு வேலை.

கோப்பைச் சேமிப்பது பெரிய பெரிய துண்டாகப் போகும், அதில் பாதகம் குறைவு. அந்த மேற்கோள் மென்பொருள்தான் வில்லன். ஒரு பதிவைத் திறந்தால்கூடத் தரவுத்தளத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கேபி எழுதும். நாளுக்கு இப்படி 3,000 முறை எழுதுகிறது என்று கொண்டால், மோசமான கணக்கில் 12 ஜிபி. 500 நாளில் 6 டிபி. அதாவது டிரைவ் முழுவதையும் 375 முறை அழித்து எழுதியதற்குச் சமம். இரண்டாம் தர டிஎல்சிக்கு இதுவே கிட்டத்தட்ட முழு ஆயுள். தேய்மானம் சமமாகப் பரவவில்லை என்றால் சில பகுதிகள் இன்னும் சீக்கிரமே போயிருக்கும். டிடிரெஸ்க்யூவின் வரைபடமும் அதைத்தான் காட்டியது. படிக்க முடியாத இடங்களில் பெரும்பகுதி இரண்டே இடங்களில் குவிந்திருந்தது: ஒன்று கோப்பு அட்டவணை இருக்கும் முன்பகுதி, இன்னொன்று தரவுத்தளம் இருந்த பகுதி. ஆய்வேட்டின் மற்ற ஐந்து இயல்கள் கிடந்த இடமெல்லாம் பச்சையாகவே, அதாவது சேதமில்லாமல், இருந்தது.

எஜெக்ட் குற்றச்சாட்டுக்கு என் பதில் இந்த வரைபடம்தான். பாதியில் பிடுங்கினால் அட்டவணை குழம்பும், கோப்பு துண்டாகும்; ஆனால் சிப்பின் இடங்கள் படிக்கவே முடியாமல் போவதும், ஒரு மாதமாக மெல்ல மெல்ல வேகம் குறைவதும் தேய்மானத்தின் கைரேகை. இதை அவளிடம் காட்டியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படம் எடுத்து, குற்றம் சொன்னவர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

அதற்காக எஜெக்ட் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1809 முதல், பென் டிரைவ்களுக்கு இயல்பாகவே 'விரைவாக நீக்குதல்' அமைப்பு இருக்கிறது. எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் அனுப்பிவிடும். லினக்ஸில் அப்படியில்லை. நகல் முடிந்தது என்று பட்டை சொன்ன பிறகும் நூற்றுக்கணக்கான எம்பி இன்னும் கணினியின் நினைவகத்திலேயே காத்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. கணினி தன் வேலையை முடித்த பிறகும் பென் டிரைவின் கன்ட்ரோலர் உள்ளுக்குள் பிளாக்குகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். எது எங்கே போனது என்ற அதன் சொந்தக் குறிப்பேடு பாதியில் அறுந்தால், முழு டிரைவும் 0 பைட் என்று காட்டும். ஆகவே எஜெக்ட் கொடுத்து, விளக்கு சிமிட்டுவது நின்று, நான்கைந்து நொடி கழித்து எடுப்பது நல்ல பழக்கம்.

இழுப்பறையில் கிடந்தது ஏன் போனது

இரண்டாவது டிரைவின் கதை எனக்கு அதிகம் உறுத்துகிறது. அதில் இருந்தது மறுபடி எழுத முடியாத விஷயம்.

அவள் நினைத்தது நியாயமானதுதான்: பயன்படுத்தினால்தானே தேயும், சும்மா வைத்தால் என்ன ஆகும்? எலக்ட்ரான்கள் காப்புச் சுவரைக் கசிந்து வெளியேறும், அதுதான் ஆகும். புதுச் சிப்பில் இது மிக மெதுவாக நடக்கும். பத்து ஆண்டு தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இந்தப் புதுச் சிப்பைப் பற்றித்தான். சுவர் ஏற்கெனவே சேதமாகியிருந்தால் கசிவு வேகமாகும். வெப்பம் அதை இன்னும் விரட்டும்.

தயாரிப்பாளர்களின் பொது அமைப்பான ஜெடெக்கின் தரநிர்ணயத்தைப் பார்த்தால் இந்த வேகம் புரியும். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டி, தன் எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் 1 ஆண்டு தரவைக் காக்க வேண்டும். நிறுவனப் பயன்பாட்டுக்கான எஸ்எஸ்டி என்றால் 40 டிகிரியில் 3 மாதம். தரம் பார்த்துத் தேர்ந்த எஸ்எஸ்டிகளுக்கே இவ்வளவுதான் கேட்கப்படுகிறது.

இந்த 8 ஜிபி டிரைவ் ஐந்து ஆண்டு அவள் சாவிக்கொத்தில் தொங்கி, படம் போட்டு, அழித்து, மறுபடி போட்டு ஓடி ஓய்ந்த டிரைவ். புதியது வாங்கியதும், பழையதைக் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டியவற்றுக்கு ஒதுக்கிவிட்டாள். நம்மில் பலர் செய்வது இதுதான். தேய்ந்துபோனதைக் காப்பகமாக்குகிறோம். வைத்த இழுப்பறையோ பிற்பகல் வெயில் சாய்ந்து விழும் ஜன்னலை ஒட்டியது.

முன்னறிவிப்பு ஏன் இல்லை என்று கேட்டாள். படிக்கும்போது எப்போதுமே சில பிட்கள் தவறாகத்தான் வரும். கன்ட்ரோலர் பிழைதிருத்தக் குறியீட்டை வைத்து ஓசையில்லாமல் சரிசெய்து தருகிறது. பத்துப் பிழை வந்தாலும் நமக்குத் தெரிவது சுத்தமான கோப்பு, இருபது வந்தாலும் சுத்தமான கோப்பு. திருத்தும் எல்லையைத் தாண்டும் அன்றைக்குத்தான் முதல் செய்தி வருகிறது. ஹார்ட் டிஸ்க்குகளும் எஸ்எஸ்டிகளும் தங்கள் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் பதிவேடு வைத்திருக்கின்றன. பெரும்பாலான பென் டிரைவ்களில் அது கிடையாது.

இதையும் டிடிரெஸ்க்யூவால்தான் இறக்கினேன். 23 பதிவுகளில் 20 முழுசாக வந்தன. ஒன்று கொஞ்சமும் வரவில்லை. இரண்டில் நடுவே இடைவெளி: ஒன்றில் 6 வினாடி, மற்றதில் 41 வினாடி. அந்த 41 வினாடி போன பேட்டியில் பேசிய மூதாட்டி இரண்டு ஆண்டுக்கு முன் காலமாகிவிட்டார்.

இடையில் ஒருமுறையாவது செருகியிருந்தால் தப்பியிருக்குமா? செருகி வைப்பதாலேயே மின்னூட்டம் புதுப்பிக்கப்படும் என்று நம்ப முடியாது. முழுவதையும் வெளியே நகலெடுத்து, ஃபார்மேட் செய்து, திரும்ப எழுதினால்தான் ஒவ்வொரு அறையும் புதிதாக நிரம்பும். அப்படி எடுத்த அந்த நகல் வேறொரு டிஸ்க்கில் தங்கியிருந்தாலே போதும், டிரைவைப் பற்றிக் கவலையே இல்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு

16 ஜிபி டிரைவின் நகலைத் துழாவியபோது, மறைக்கப்பட்ட ஒரு கோப்புறையும், செருகியதும் நிரலைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோரன் கோப்பு ஒன்றும், ஷார்ட்கட் வைரஸ் விட்டுப்போன எச்சமும் கிடைத்தன. பொதுக் கணினிகளில் செருகிய காலத்துச் சொத்து. டிரைவ் செத்ததற்கு இது காரணம் இல்லை. இந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும். பயந்துபோய் ஃபார்மேட் செய்பவர்கள்தான் உண்மையில் கோப்புகளை இழக்கிறார்கள். விண்டோஸ் 7 முதலே பென் டிரைவிலிருந்து நிரல் தானாக ஓடுவது தடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், கோப்புறையைத் திறந்து ஷார்ட்கட் படத்தைக் காட்டினாலே நுழைந்துவிடும் ஓட்டையைப் பயன்படுத்தியது. 2014-ல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் இன்னும் மோசமான ஒன்றைக் காட்டினார்கள்: பென் டிரைவின் கன்ட்ரோலருக்குள் இருக்கும் நிரலையே மாற்றி, கணினியிடம் அது தன்னை விசைப்பலகை என்று சொல்லவைக்கலாம். இதை ஃபார்மேட்டும் போக்காது, வழக்கமான வைரஸ் சோதனையும் பிடிக்காது.

கீழே கிடந்த டிரைவை யாருடையது என்று பார்க்கச் செருகுவது ஆபத்து என்பது இதனால்தான். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 டிரைவ்களைப் போட்டு வைத்தார்கள். முதல் டிரைவ் ஆறு நிமிடத்துக்குள் செருகப்பட்டது. எடுத்தவர்களில் பலருக்கு உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

அதன் பிறகு மாறியவை

இப்போது அவள் எழுதுவது லேப்டாப்பில். அது தானாகவே இணையச் சேமிப்புக்குப் போகிறது. வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் போகிறது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதிதான். மூன்று கணினிகளுக்கு நடுவே எது கடைசிப் பிரதி என்ற அந்த ஆதிக் குழப்பத்தை இணையச் சேமிப்பே தீர்த்துவிட்டது. பென் டிரைவ் அச்சடிக்கக் கொண்டுபோகவும், ஒருவருக்குக் கொடுக்கவும் மட்டும்.

புது டிரைவ் வாங்கியதும் முதல் வேலையாக எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினோம். லினக்ஸில் எஃப்3 இதே வேலையைச் செய்யும். டிரைவ் முழுக்க எழுதி, மறுபடி படித்து ஒப்பிடும். 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 128 என்று பொய் சொல்லும் போலிகள் இதில்தான் மாட்டும். விண்டோஸ் காட்டும் அளவை நம்பினால், எட்டைத் தாண்டி எழுதுவதெல்லாம் காற்றில் போகும். அந்தச் சோதனை சிப்பின் ஆயுளில் ஒரே ஒரு சுற்றுதான், தாராளமாகச் செய்யலாம். ஆனால் சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக்கைப் பென் டிரைவில் ஓட்டுவது வீண் தேய்மானம். ஹார்ட் டிஸ்க்கைப் போல இதற்கு நகரும் முள் எதுவும் இல்லை, துண்டுகள் சிதறிக் கிடப்பதால் பெரிய நஷ்டமும் இல்லை.

வெளியே கொண்டுபோகும் டிரைவை, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டு ஆய்வும், பேட்டி கொடுத்தவர்களின் பெயர் விவரமும் பூட்டில்லாமல் சாவிக்கொத்தில் தொங்கியதை நினைத்தால், தொலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் தனி. ஒன்றைச் சொல்லி வைத்தேன்: பூட்டிய டிரைவ் பழுதானால் மீட்பு பல மடங்கு கடினம். பிரதி இல்லாமல் பூட்டவே கூடாது.

அப்புறம், செருகும் விதம். சாதாரண யூஎஸ்பி ஏ முனை 1,500 முறை செருகி எடுப்பதைத் தாங்கும் வகையில் வரையறுக்கப்பட்டது. நாளுக்கு மூன்று முறை என்றால் ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும் எண்ணிக்கை. அதற்கும் முன்னால், லேப்டாப்பில் நீட்டிக்கொண்டிருக்கும்போது முழங்கை பட்டு, சர்க்யூட் பலகையிலிருந்து முனை பெயர்ந்து போகும் டிரைவ்கள்தான் அதிகம். அப்படிப் போனதில் சிப் நன்றாகத்தான் இருக்கும், திறமையானவர் மறுபடி பற்றவைத்தால் எல்லாம் வரும். விரல்நகம் அளவுள்ள குட்டி டிரைவ்களில் இந்த வழி கடினம். சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே பிசினுக்குள் உறைந்திருக்கும். மேல்பூச்சைச் சுரண்டி, முடி போன்ற கம்பிகளைப் பற்றவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆய்வேடு இரண்டு நாள் அவகாசத்தோடு போய்ச் சேர்ந்தது. ஒலிப்பதிவுகளுக்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினோம். மீண்ட 22 கோப்புகளையும் இரண்டு டிஸ்க்குகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும், கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டால், ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். மாறாத பிரதியிலிருந்து சரிசெய்துகொள்ளலாம்.

பேட்டியின் எழுத்துப்படியில், அந்த 41 வினாடி வரும் இடத்தில் அவள் முதலில் 'இங்கே ஒலி இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தாள். பேட்டி எடுத்த அன்று வைத்திருந்த கையெழுத்துக் குறிப்பேடு வீட்டில் பழைய புத்தகங்களுக்கு நடுவே கிடைத்ததாம். மூதாட்டி அப்போது எதைப் பற்றிப் பேசினார் என்று மூன்று வரி அதில் இருந்தது. அந்த மூன்று வரியையும், அவை குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை என்ற விவரத்தோடு, இடைவெளிக்குள் சேர்த்துவிட்டாள். பிறகு குறிப்பேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.